ஜியாமெட்ரி பாக்ஸில் இருந்த 27 மாத்திரை

(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் உறுப்பினர் ஒருவர் பேசியது)

எனக்கு மைக் பிடிச்சுப் பழக்கம் இல்லை. மாமல்லபுரம் பக்கத்துக் குப்பத்தில் கூடையில் மீன் வைத்து விற்கிறவள் நான். சத்தமாகப் பேசத் தெரியும், சபையில் பேசத்தான் தெரியாது. தப்பிருந்தால் பொறுத்துக்கணும்.

என் பெண்ணுக்குக் காசநோய் வந்த கதையைச் சொல்லத்தான் வந்தேன். "கதையைச் சொல்லு, என் பேரைச் சொல்லாதே" என்று அவள் சொல்லியிருக்கிறாள். அதனால் மகள் என்றே சொல்கிறேன். தெரிஞ்சவங்களும் தெரியாத மாதிரியே இருங்க.

2024 ஆடி மாசம். பத்தாவது படிக்கிற பெண். கழுத்தில் இடது பக்கம் நெல்லிக்காய் அளவு ஒரு கட்டி. நெறி கட்டியிருக்கு, பல்லுவலியோ பேனோ காரணமா இருக்கும் என்று விட்டுவிட்டேன். சாயந்திரம் ஆனால் உடம்பு கதகதப்பாக இருக்கும். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பையைப் போட்டுவிட்டு அப்படியே படுத்துக்கொள்வாள். "ஒரு குடம் தண்ணி எடுத்துட்டு வர மாட்டியா, சோம்பேறி" என்று திட்டியிருக்கிறேன். அதை நினைச்சா இப்பவும் தொண்டை அடைக்குது. பார்க்க நல்லாத்தான் இருப்பாள், இருமல் கிடையாது. உள்ளுக்குள் நோய் இருந்தது எனக்கு எப்படித் தெரியும்?

ஒரு தனியார் கிளினிக்கில் காட்டினோம். ஐந்து நாளுக்கு மாத்திரை, மறுபடி ஐந்து நாளுக்கு, அப்புறம் வேறு ஒன்று. இரண்டு மாசம் ஓடிப் போச்சு. கட்டி ஒன்று மூன்றாச்சு. என் மாமியார்தான், "இது கண்டமாலை மாதிரி இருக்குடி, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போ" என்றார். அந்தக் காலத்து மனுஷி சொன்னது சரியாப் போச்சு. திருக்கழுக்குன்றம் வழியாகப் பஸ் பிடித்துச் செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குப் போனோம். கட்டியில் சின்ன ஊசி குத்தி நீர் எடுத்துச் சோதித்தார்கள். நிணநீர்க் கட்டியில் காசநோய் என்று வந்தது.

காசநோய் என்றால் நுரையீரல், இருமல், சளியில் ரத்தம், அவ்வளவுதான் எனக்குத் தெரியும். கழுத்திலும், முதுகெலும்பிலும், வயிற்றிலும்கூட வருமாம். கழுத்துக் கட்டியில் மட்டும் இருந்தால் பக்கத்தில் உட்கார்ந்தவருக்கு ஒட்டாது. இதை டாக்டர் இரண்டு தரம் சொன்னார். ஆனால் பள்ளிக்கூடத்தில், "முழுசா குணமாகிற வரைக்கும் வீட்டிலேயே இருக்கட்டும்" என்று ஒருவர் சொல்லிவிட்டார். டாக்டரிடம் சீட்டு எழுதி வாங்கிக்கொண்டு போய்க் கொடுத்த பிறகுதான் வகுப்பில் உட்கார வைத்தார்கள். அதுக்குள் பதினோரு நாள் போச்சு.

"பிறந்தப்பவே தடுப்பூசி போட்டியே, அப்புறம் எப்படி?" என்று கேட்காத ஆள் இல்லை. அந்த பி.சி.ஜி. ஊசி பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயைத் தடுக்கிறதா என்று உலகத்திலேயே பெரிய அளவில் சோதித்துப் பார்த்தது நம்ம பழைய செங்கற்பட்டு மாவட்டத்தில்தான். 1968இல் ஆரம்பித்து, லட்சக்கணக்கான பேரை 15 வருஷம் தொடர்ந்து பார்த்தார்கள். பெரியவர்களுக்கு அது காப்பு கொடுக்கவில்லை என்றுதான் முடிவு வந்தது. சின்னக் குழந்தைகளுக்கு மூளைக்காய்ச்சல் மாதிரிக் கடுமையாக வருவதைத்தான் அந்த ஊசி தடுக்கும். அதனால் குழந்தைக்குப் போடாமல் இருந்துவிடாதீங்க. போட்டுவிட்டோமே என்று பதினஞ்சு வயசுப் பிள்ளையின் கட்டியை அலட்சியமாகவும் விடாதீங்க.

மாத்திரை அரசு ஆஸ்பத்திரியில் இலவசம். எடைக்குத் தகுந்த எண்ணிக்கை. என் மகளுக்குத் தினம் 3 மாத்திரை, ஆறு மாசம். ஒன்றுக்குப் போனால் ஆரஞ்சு நிறமாக வரும் என்று எனக்குச் சொன்னார்கள், நான் அவளுக்குச் சொல்ல மறந்துட்டேன். முதல் நாள் ரத்தம் போகுதுன்னு நினைச்சு அழுதிருக்கிறாள். யாரிடமும் சொல்லவில்லை. நோய் பிள்ளைக்கு, விளக்கம் மட்டும் அம்மாவுக்கு. இதை அப்போ நான் யோசிக்கவே இல்லை.

சாப்பாட்டில் என் மாமியார் பத்தியம் பிடித்தார். மீன் கூடாது, முட்டை கூடாது, கஞ்சிதான் என்று. மீன்காரி வீட்டில் மீன் இல்லை! டாக்டர் கேட்டுச் சிரித்துவிட்டு, இந்த நோய்க்குச் சத்துதான் பாதி மருந்து, மீன், முட்டை, பருப்பு, வேர்க்கடலை எல்லாம் கொடுங்க என்றார். ஆனால் ஒரு எச்சரிக்கை. கடலோரத்து நமக்கு இது முக்கியம். சூரை, கானாங்கெளுத்தி, மத்தி மாதிரி மீன் ஐஸ் இல்லாமல் நேரமாகிவிட்டால் அதில் ஒரு பொருள் கூடும். நல்ல உடம்பு அதை ஓரளவு சமாளித்துக்கொள்ளும். காச மாத்திரையில் ஒன்று அப்படிச் சமாளிப்பதைத் தடுக்கும். முகம் சிவந்து, தலை வலித்து, நெஞ்சு படபடக்கும். ஒரு நாள் மீந்துபோன சூரையைக் குழம்பு வைத்து அவளுக்கு அப்படியே ஆச்சு. விற்காத மீனைப் பிள்ளைக்கு வைத்தேன், வேறென்ன சொல்ல. புதுசாகப் பிடித்த சங்கரா, நெத்திலி ஒன்றும் செய்யவில்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், இது நமக்கு. காச மாத்திரை சாப்பிடுகிற பெண்கள் கருத்தடை மாத்திரையை மட்டும் நம்பி இருக்கக் கூடாது. அதன் வேலையை இது குறைத்துவிடும். நர்சம்மாவிடம் வேறு வழி கேட்டுக்கொள்ளுங்கள். கண் மஞ்சளாகி வாந்தி வந்தாலோ, பார்வை மங்கினாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போகணும்.

இப்போ விஷயத்துக்கு வருகிறேன். மூன்றாவது மாசம். கட்டி சிறுசாகி, எடை கூடி, முகம் தெளிந்திருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் ஜியாமெட்ரி பாக்ஸைத் திறந்தால் உள்ளே 27 மாத்திரை. கணக்குப் போட்டுப் பாருங்க, ஒன்பது நாள். என் கண் எதிரில் வாயில் போட்டுத் தண்ணி குடித்தவள், வெளியே போய்த் துப்பிவிட்டு வந்திருக்கிறாள். அடித்தேன். உண்மையைச் சொல்லணும் இல்லையா, அடித்தேன். அன்றைக்கெல்லாம் அவள் சாப்பிடவில்லை.

எங்கள் குழுவில் ஒரு தங்கச்சி மக்களைத் தேடி மருத்துவத்தில் தன்னார்வலராகப் போகிறாள். பி.பி., சுகர் மாத்திரை வீடு வீடாகக் கொடுக்கிற வேலை. அவள் வந்தாள். என்னை வெளியே போகச் சொல்லிவிட்டு, என் மகளோடு அரை மணி நேரம் தனியாக உட்கார்ந்தாள். கேட்டது ஒரே கேள்விதானாம்: "எதனால போட முடியலை?"

காலையில் மாத்திரை போட்டால் குமட்டும். ஏழே கால் பஸ். ஒரு நாள் பஸ்ஸிலேயே வாந்தி எடுத்துவிட்டாள், கூடப் படிக்கிற பையன்கள் எல்லாரும் பார்க்க. மறுநாளில் இருந்து அவளுக்கு ஒரு பட்டப்பெயர். அது என்னவென்று இன்று வரைக்கும் எனக்குச் சொல்லவில்லை. இவ்வளவுதான் காரணம். டாக்டரிடம் கேட்டோம். ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு போட்டுக்கொள்ளட்டும் என்றார். குமட்டல் வந்தாலும் தூங்கிவிடுவாள். விட்ட நாளையெல்லாம் கடைசியில் சேர்த்து முடிக்கணும் என்றார். மூன்று மாசமாக மிரட்டினேன், கெஞ்சினேன், சாமிக்கு வேண்டிக்கிட்டேன். ஏன் என்று மட்டும் நான் கேட்கவில்லை.

அதுக்கப்புறம் மாத்திரை அட்டையை அவள் கையிலேயே கொடுத்துவிட்டேன். காலண்டரில் அவளே டிக் போடுவாள். பார்த்துக்கொள்ள நான் வேண்டாம், அவள் தோழி ஒருத்தி போதும் என்றாள். அந்தப் பெண் தினம் ராத்திரி ஒன்பது மணிக்கு வாட்ஸப்பில் ஒரு மீன் படம் அனுப்புவாள், இவள் பதிலுக்கு ஒரு மீன். சாப்பிட்டாச்சுன்னு அர்த்தம். நடுவில் ஒரு கட்டி திரும்பவும் வீங்கியது, நான் பதறிப் போனேன். சிலருக்கு மருந்து வேலை செய்யும்போதே அப்படி வீங்குமாம், நிறுத்தக் கூடாது என்றார்கள். இந்த முறை என்னைத் தைரியப்படுத்தியது அவள்தான்.

குழுவிடம் நான் மறைத்தேன் என்பதையும் சொல்லணும். உள்கடன் வாங்கியபோது "வீட்டுச் செலவு" என்று எழுதச் சொன்னேன். பொண்ணு வளர்ந்தவள், நாளைக்குக் கல்யாணப் பேச்சு வரும்போது யாராவது சொல்லிவிட்டால்? அந்தப் பயம்தான். தன்னார்வலத் தங்கச்சிக்குத் தெரிந்த பிறகு, மகளிடம் கேட்டுவிட்டுத்தான் குழுவில் சொன்னேன். 12 பேர். யாரும் நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொள்ளவில்லை. கடன் தவணையை மூன்று மாசம் தள்ளி வைத்துத் தீர்மானம் எழுதினார்கள். ஆளுக்கு வாரம் இரண்டு முட்டை என்றும் முடிவாச்சு. ஆனால் மகள் ஒரு நிபந்தனை போட்டாள்: யாரும் முட்டையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வரக் கூடாது, தெருவே பார்க்கும், அம்மா கூடையில் போட்டு அனுப்புங்க. அப்படியே செய்தோம். காலையில் மீனோடு போகிற கூடை, மதியம் முட்டையோடு வரும். சிகிச்சையில் இருப்பவருக்குச் சத்துணவுக்காக அரசாங்கம் வங்கிக் கணக்கில் போடுகிற பணமும் வந்தது. முதலில் மாதம் 500 ரூபாய், 2024 நவம்பரில் இருந்து 1000.

சானடோரியத்தில் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டால் நல்லா பார்த்துப்பாங்களே என்று என் அண்ணன் சொன்னான். தாம்பரம் சானடோரியம் ஸ்டேஷன் எல்லாருக்கும் தெரியும். 1928இல் டாக்டர் சௌரி முத்து ஆரம்பித்த காசநோய் ஆஸ்பத்திரியால் வந்த பெயர் அது. மருந்து இல்லாத காலத்தில் ஓய்வும் காற்றும்தான் வைத்தியம். 1956இல் சென்னையில் ஒரு ஆராய்ச்சி தொடங்கினார்கள். பாதிப் பேரைச் சானடோரியத்தில் வைத்தும், பாதிப் பேருக்கு அவரவர் குடிசையிலேயே மருந்து கொடுத்தும் பார்த்தார்கள். குணமானது கிட்டத்தட்ட ஒரே அளவு. வீட்டில் இருந்தவரால் குடும்பத்துக்குக் கூடுதலாக ஒட்டவும் இல்லை. 1959இல் அந்த முடிவு வெளிவந்ததும் உலகமே வீட்டு வைத்தியத்துக்கு மாறியது. அதனால் எங்கள் வீட்டுத் திண்ணையே போதும் என்று அண்ணனிடம் சொன்னேன். ரொம்ப முடியாதவர்களைச் சேர்த்துத்தான் ஆகணும், அது வேறே.

பரீட்சை எழுதும்போதும் மாத்திரை ஓடிக்கொண்டுதான் இருந்தது. அந்த ஒன்பது நாளையும் சேர்த்து முடித்தாள். இப்போ பதினொன்றாவது படிக்கிறாள். கழுத்தில் ஒரு சின்னத் தழும்பு இருக்கிறது. துப்பட்டாவால் மறைப்பாள், சில நாள் மறக்கிறாள்.

போன மாசம் பக்கத்து ஊரில் ஒரு பையனுக்கு, பதினேழு வயசு, நுரையீரல் காசநோய். கல் செதுக்குகிற பட்டறையில் வேலை. கல் தூசு நெஞ்சில் சேர்ந்தவர்களுக்கு இந்த நோய் சீக்கிரம் வரும் என்கிறார்கள். பட்டறையில் இருப்பவர்கள் முகத்தைக் கட்டிக்கொண்டு, தண்ணி விட்டு இழைத்தால் நல்லது. அவன் அம்மா அவனுக்குத் தனித் தட்டு, தனி டம்ளர் வைத்திருந்தார். இது காற்றில் பரவுவது, தட்டில் இல்லை, ஜன்னலைத் திறந்து வைங்க, ஆரம்பத்தில் முகக்கவசம் போடட்டும், வீட்டில் எல்லாரும் சோதித்துக்கொள்ளுங்க என்று நான் சொல்லிக்கொண்டே இருந்தேன். அவன் சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்தான். கூட வந்திருந்த என் மகள், "அம்மா, நீ கொஞ்சம் வெளியே இரு" என்றாள். போய் வாசலில் உட்கார்ந்தேன்.

இன்றைக்கு மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நான் அந்த வேப்பமரத்தடியில் இருப்பேன். பிள்ளைக்குக் கழுத்தில் கட்டியோ, இரண்டு வாரமாக இருமலோ, சாயந்திரக் காய்ச்சலோ, எடை குறைவதோ இருந்தால் வந்து சொல்லுங்க. சபையில் கேட்க வேண்டாம். கூச்சமாக இருந்தால் 1800 11 6666 என்று ஒரு இலவச நம்பர் இருக்கிறது, அதில் கேட்கலாம். பிள்ளைகளே கேட்கணும்னு நினைத்தால் என் மகளும் வந்திருக்கிறாள். எந்தப் பெண் என்று நான் காட்ட மாட்டேன். வேண்டும் என்றால் அவளே வருவாள்.