பாடுவோர் காதுக்குத் தனி ஒலி

(பங்கின் பொன்விழாவையொட்டிப் பாடகர் குழுவினர் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

பொன்விழாக் கூட்டத்தில் மைக் செட்டைப் பற்றிப் பேச ஒருவனை அழைத்திருக்கிறார்களே என்று சிலர் வியக்கலாம். ஆனால் கோவில் தொடர்பாக வரும் மனத்தாங்கல்களில் பாதி இந்த மைக் செட்டிலிருந்துதான் பிறக்கிறது என்பதைப் பாடகர் குழுவில் உள்ளவர்கள் ஒப்புக்கொள்வார்கள். "பாட்டே கேட்கவில்லை" என்பார் கடைசிப் பெஞ்சில் இருப்பவர். "காது கிழிகிறது" என்பார் முதல் பெஞ்சில் இருப்பவர். "எங்களுக்கு எங்கள் குரலே கேட்கவில்லை" என்பார்கள் பாடுகிறவர்கள். மூன்றாவது குறையை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. முதல் இரண்டும் பெரும்பாலும் அதிலிருந்தே வருகின்றன என்பதே நான் இன்று சொல்ல வந்தது.

நம் கோவில்களில் ஸ்பீக்கர்கள் தூணில் மக்களைப் பார்த்து மாட்டப்பட்டிருக்கும். பாடகர் குழு அவற்றுக்குப் பின்னே, பீடத்தின் ஓரத்தில் நிற்கும். ஆகவே பாடுகிறவர்களுக்கு வந்து சேர்வது, பின்சுவரில் மோதித் திரும்பும் ஒலிதான். ஒலி ஒரு விநாடிக்கு ஏறக்குறைய 345 மீட்டர் செல்லும். பின்சுவர் 25 மீட்டர் தூரத்தில் இருந்தால், போய்வர 50 மீட்டர். அதாவது விநாடியில் ஏழில் ஒரு பங்கு தாமதம். கேட்பதற்குச் சிறிது. தாளத்துக்கோ அது பெரிய பள்ளம். அந்த எதிரொலியை நம்பிப் பாடினால் கீபோர்டு ஒரு பக்கம், பாட்டு ஒரு பக்கம் என்றாகிவிடும்.

தன் குரல் தனக்குக் கேட்காதவன் என்ன செய்வான்? கத்துவான். எத்தியேன் லொம்பார்டு என்ற பிரெஞ்சு மருத்துவர் 1911-இல் இதை எடுத்துக் காட்டினார்: சுற்றிலும் இரைச்சல் இருந்தால் மனிதன் தன்னை அறியாமலே குரலை உயர்த்துகிறான். ஒருவர் கத்த அடுத்தவர் கத்த, கீபோர்டுக்காரர் ஒலியைக் கூட்ட, முடிவில் மக்கள் வாய் மூடிவிடுகிறார்கள். மக்களின் பாடலைப் பேணி வளர்க்க வேண்டும் என்று 1963-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் திருவழிபாட்டுக் கொள்கைத் திரட்டில் எழுதி வைத்தது. பாடகர் குழு கச்சேரி செய்ய, மக்கள் பார்த்துக்கொண்டிருப்பது அதன் நோக்கம் அன்று.

இந்தத் தொல்லை பெரிய மேடைகளையும் விட்டதில்லை. 1965 ஆகஸ்ட் 15 அன்று நியூயார்க்கின் ஷே அரங்கில் பீட்டில்ஸ் குழு ஐம்பத்தைந்தாயிரத்துக்கு மேற்பட்டோர் முன்னிலையில் பாடியபோது, கூட்டத்தின் கூச்சலில் அவர்களுக்கே அவர்கள் பாட்டுக் கேட்கவில்லை. பாடுவோரை நோக்கித் திருப்பிய ஸ்பீக்கர் அவர்களுக்கு இல்லை. அந்த ஸ்பீக்கருக்குத்தான் இன்று மானிட்டர் என்று பெயர். பள்ளியில் பெயர் எழுதிக் கொடுப்பானே, அந்த மானிட்டரை எண்ணிப் பயப்பட வேண்டாம்!

நிற்க. மானிட்டர் பெட்டி ஒன்று வாங்கி, சபைக்குப் போகும் அதே ஒலியை அதிலும் கொடுத்துவிட்டால் போதுமா? போதாது. பெட்டி வாங்கிய பின்னும் பலர் தவறுவது இங்கேதான். மக்களுக்கு வேண்டியது குரல், கீபோர்டு, தபலா எல்லாம் கலந்த நிறைவான ஒலி. பாடுகிறவருக்கு வேண்டியது தன் குரலும், சுருதி பிடிக்கச் சிறிது கீபோர்டும் மட்டுமே. தபலா பக்கத்திலேயே இருக்கிறது. அதை மறுபடியும் பெட்டியில் கொடுப்பது வீண்.

இதற்காகவே மிக்சரில் ஒவ்வொரு மைக் வரிசையிலும் 'ஆக்ஸ்' என்ற குமிழ் இருக்கிறது. வயல்காரர்களுக்குப் புரியும்படி சொல்கிறேன். மைக்கிலிருந்து வரும் ஒலி வாய்க்கால் நீர். மேலும் கீழும் தள்ளுகிற ஃபேடர் மடை. ஆக்ஸ் என்பது கிளை வாய்க்கால். கிளையை மடைக்கு மேலே வெட்டினால், மடையை ஏற்றினாலும் இறக்கினாலும் கிளையில் நீர் மாறாது. மடைக்குக் கீழே வெட்டினால் மடையோடு அதுவும் ஏறி இறங்கும். முதல் வகையை 'பிரீ' என்றும் இரண்டாவதை 'போஸ்ட்' என்றும் மிக்சரில் குறித்திருப்பார்கள். மானிட்டருக்கு வேண்டியது பிரீ. சபைக்கு ஒருவர் குரலைக் குறைத்தாலும் அவர் காதில் அது குறையாது. பொத்தான் இருந்தால் அதை 'பிரீ' பக்கம் வைத்து, ஆக்ஸ் அனுப்பும் துளையிலிருந்து மானிட்டர் பெட்டிக்கு ஒரு வயர் போட்டால் இணைப்பு முடிந்தது.

ஆனால் சிறு பங்குகளில் வாங்கும் சின்ன மிக்சர்களில் பெரும்பாலும் 'எஃப்.எக்ஸ்.' என்ற ஒரே குமிழ்தான் இருக்கும். அது பொதுவாகப் போஸ்ட் வகை. அதற்காகப் புதிய மிக்சருக்கு நன்கொடை திரட்டக் கிளம்ப வேண்டாம். வேறொரு வழி உண்டு. சின்ன மிக்சர்களிலும் பெரும்பாலும் இடம், வலம் என்று இரண்டு வெளியீடுகள் இருக்கும். நம் கோவிலில் எல்லா ஸ்பீக்கரும் ஒரே ஒலியைத்தான் தருகின்றன. இடமும் வலமும் பிரிந்து கேட்பதில்லை. ஆகவே இடத்தைச் சபைக்கும் வலத்தை மானிட்டருக்கும் கொடுத்துவிடலாம். 'பேன்' குமிழே இப்போது நம் கிளை வாய்க்கால். பாடுவோர் மைக்குகளை நடுவில் வைத்தால் குரல் இரு பக்கமும் போகும். தபலா மைக்கை முழுதும் இடப்பக்கம் திருப்பினால் அது சபைக்கு மட்டும். கீபோர்டிலிருந்து 'மோனோ' துளை வழியாக ஒரே வயர் கொண்டுவந்து, குமிழை இடப்பக்கமாகத் திருப்பி, சுருதி கேட்கும் அளவுக்கு மட்டும் வலத்தில் விடலாம்.

இதிலும் ஒரு குறை உண்டு. மடைக்குக் கீழே வெட்டிய கிளைதான் இது. ஃபேடரைத் தொட்டால் இரண்டும் மாறும். ஆகையால் சபையின் மொத்த ஒலியை ஆம்ப்ளிஃபையரிலும், பாடுவோர் ஒலியை மானிட்டர் பெட்டியின் சொந்தக் குமிழிலும் திருத்திக்கொள்ள வேண்டும்.

அடுத்தது, எல்லாரும் அஞ்சும் அந்த 'ஊய்ங்' சத்தம். மைக்கில் போன ஒலி பெட்டியில் வந்து மறுபடி மைக்கில் புகுந்து சுற்றுவதே அதற்குக் காரணம். பாடகர்கள் பிடிக்கும் மைக்குகளில் பல, முன்னே வருவதை நன்கு கேட்டு, நேர் பின்னே வருவதை மிகக் குறைவாகக் கேட்கும். எனவே மைக்கின் வால் எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கத்தில், பாடுவோர் முகத்தை நோக்கிச் சாய்த்துப் பெட்டியை வைக்க வேண்டும். மைக்கின் தலையைக் கையால் பொத்திப் பிடித்தால் இந்தக் குணம் கெட்டுவிடும். தொலைக்காட்சியில் பாடுகிறவர்களைப் பார்த்து நம் பிள்ளைகள் பழகிய பழக்கம் இது, அன்போடு திருத்துங்கள். திறந்திருக்கும் மைக்குகள் இரட்டித்தால், கூவாமல் ஏற்றக்கூடிய ஒலி 3 டெசிபல் குறையும். பயன்படாத மைக்கை மூடிவிடுங்கள். பாடுகிறவர் மைக்குக்கு உள்ள தூரத்தைப் பாதியாக்கினால் ஏறத்தாழ 6 டெசிபல் இலாபம், செலவில்லாமல்.

மிக்சர் பார்க்கும் தம்பிக்கு ஒரு வார்த்தை. ஆக்ஸ் குமிழ்கள் எல்லாவற்றையும் முதலில் பூச்சியத்தில் வை. ஒவ்வொரு குரலாகத் திற. "எனக்குக் கேட்கவில்லை" என்று ஒருவர் சொன்னால், அவரைக் கூட்டுமுன் மற்றவற்றைக் குறைத்துப் பார். கூட்டிக்கொண்டே போனால் நான்காம் ஞாயிறு பெட்டி கூவும், பழி உன்மேல் விழும். ஒத்திகையின்போது எழுந்து கடைசிப் பெஞ்சு வரை நடந்து கேட்டுவிட்டு வா. வெறுங்கோவிலில் எதிரொலி மிகும்; ஞாயிறன்று மக்கள் நிறைந்ததும் அது அடங்கும் என்பதையும் நினைவில் வை.

வேறொரு பங்கில் நான் கண்டதைச் சொல்கிறேன். பன்னிரண்டு வயதுச் சிறுமி ஒருத்திக்குச் சுருதி நிற்காது என்று சொல்லி, பல்லவி மட்டும் சேர்ந்து பாட விட்டிருந்தார்கள். மெல்லிய குரல். பக்கத்தில் இரண்டு அண்ணன்மார் முழங்கிக்கொண்டிருக்க, அவள் தன்னைத் தானே கேட்க வழியே இல்லை. பழைய ஸ்பீக்கர் ஒன்றை மேற்சொன்னபடி இணைத்து அவள் குரலை அவளுக்குக் கேட்கச் செய்தோம். அண்ணன்மார் குரல் தானாகத் தணிந்தது. யாரும் அவர்களைக் கடிந்துகொள்ளவில்லை. அடுத்த மாதம் பதிலுரைப் பாடலை அவள் தனியே பாடினாள். மக்கள் ஒவ்வொரு முறையும் பதில் பாடினார்கள்.

நம் கோவில் மிக்சரையும் கிடங்கில் கிடந்த ஒரு ஸ்பீக்கரையும் இங்கே மேசைமேல் வைத்திருக்கிறோம். தேநீர் அருந்தியபின் குழுவினர் வந்து நில்லுங்கள். இடம், வலம் பிரித்துக் கேட்டுப் பார்ப்போம்.