தலைப்பும் மேற்கோட் குறியும்



ஆங்கிலத்தில் கட்டுரை வரையும் நம் மாணவர் பலர், ஒரு செய்யுளின் தலைப்பை மேற்கோட் குறிகளுள் இட்டவுடன் எழுதுகோலை நிறுத்தித் தயங்குவர். அடுத்து வரும் முற்றுப்புள்ளியை அக்குறிகளுக்கு உள்ளே இடுவதா, வெளியே இடுவதா என்பதே அவர்தம் ஐயம். காத்தான்குடியில் எம் வகுப்பறைகளில் ஆண்டுதோறும் எழும் இவ்வினா சிறிதெனினும், அதன்கண் ஒரு நெறி அடங்கியுள்ளது.

முதற்கண், எல்லாத் தலைப்புக்கும் மேற்கோட் குறி வேண்டியதில்லை. தனி நூலின் பெயரை அச்சிற் சாய்வெழுத்தாலும், கையெழுத்தில் அடிக்கோட்டாலும் காட்டுவர். அம்பாந்தோட்டையில் உதவி அரசாங்க அதிபராயிருந்த லெனார்ட் வூல்ஃப் 1913இல் வெளியிட்ட ‘த வில்லேஜ் இன் த ஜங்கிள்’ என்னும் நாவலின் பெயர் ஆங்கிலக் கையெழுத்தில் அடிக்கோடே பெறும். சிறு செய்யுள், சிறுகதை, கட்டுரை ஆகியவற்றின் தலைப்புகளே மேற்கோட் குறி பெறுவன.

இனி, குறியின் இடத்தை நோக்குவோம். கீட்ஸ் 1819இல் இயற்றிய ‘ஓட் டு எ நைட்டிங்கேல்’ என்னும் செய்யுளைப் படித்தாயா என ஒருவரை வினவுங்கால், வினா நம்முடையது; ஆதலின் வினாக்குறி வெளியே நிற்கும். டோல்ஸ்டோய் 1886இல் வெளியிட்ட சிறுகதையின் தலைப்போ, ஒரு மனிதனுக்கு எவ்வளவு நிலம் வேண்டும் எனத் தானே வினவுகின்றது, அவ்வினாக்குறி கதைக்குரியது, ஆதலின் உள்ளே நிற்கும். இதில் பிரித்தானியரும் அமெரிக்கரும் ஒருமனத்தரே.

அவர்கள் வேறுபடுவது காற்புள்ளியிலும் முற்றுப்புள்ளியிலுமே. அமெரிக்கர் அவ்விரண்டையும் உள்ளேயே இடுவர். பிரித்தானியரோ, அவை தலைப்புக்கு உரியனவல்லவாயின் வெளியே இடுவர். பொருளே குறியின் இடத்தைத் தீர்மானித்தல் வேண்டும் என ஃபவுளர் சகோதரர் 1906இல் வெளியான ‘த கிங்ஸ் இங்கிலிஷ்’ என்னும் நூலில் வாதிட்டனர்.

நம் பாடசாலைகள் பிரித்தானிய வழக்கில் வளர்ந்தவை. இன்றோ கணினி வழியே அமெரிக்க வழக்கும் பிள்ளைகளின் கண்முன் வருகின்றது. ஒரே கட்டுரையில் இரண்டையும் கலத்தல் தவறு. ஆயின், அமெரிக்க வழக்கைத் தொடக்கமுதல் இறுதிவரை வழுவாது கைக்கொண்ட பிள்ளையின் தாளில் சிவப்பு மை தீட்டிப் புள்ளி குறைத்தல் நீதியாகாது. ஆசிரியர் அவ்வழக்கை அறிந்திருத்தலே அதற்குப் பரிகாரம்.

எனினும், எம் மாணவருக்கு யான் பரிந்துரைப்பது பிரித்தானிய வழக்கையே. பிறர் தலைப்பு நம்மிடம் வந்த அமானிதம்; அதனுள் நம் புள்ளியைச் சேர்க்காது, பெற்றவாறே ஒப்படைத்தல் நன்று. எது பிறருடையது, எது நம்முடையது எனப் பகுத்தறியும் பழக்கம் ஒரு புள்ளியிலிருந்தே தொடங்கலாம் அன்றோ?