மின்னழுத்தமும் நம் கடமையும்

(சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



கரிசற்காட்டுக் கிணறுகளில் நீர் அருகும் கோடையில் ஒரு மோட்டாரின் சுருள் கருகுமாயின், அதனொடு ஒரு குடும்பத்தின் பயிரும் கருகும். மின்னழுத்தம் தாழ்வதனால் இத்தீங்கு பலகாலும் நேர்கின்றது. அழுத்தம் தாழ்ந்துழி, மோட்டார் அதே சுமையை இழுக்க மிகுதியான மின்னோட்டத்தைக் கொள்ளும். சுருள் சூடேறி எரியும். அழுத்தம் தாழ்வது எதனால்?

நம் பாட்டனார் கமலை இறைத்ததை நினைவு கூர்வோம். மாடுகள் முன்செல்லுங்கால் சால் நிறைய நீர் மேலே வரும். பின்வருங்கால் நீர் வாராது. ஆயினும் அப்பின்வரவு இன்றேல் அடுத்த சால் இல்லை. மோட்டாரிலும் இத்தகையதொரு போக்குவரவு உண்டு. அதனுள் காந்தம் உண்டாதற்பொருட்டு ஆற்றலின் ஒரு கூறு நொடிக்கு 100 முறை கம்பியிற் சென்று மீளும். அது நீரிறைப்பதன்று, அஃதின்றி நீரிறைப்பும் இல்லை. இதனை எதிர்வினைத் திறன் என்பர். அது நெடுந்தொலைவு சென்று வருமாயின், கம்பியில் இடத்தை அடைத்து அழுத்தத்தைக் குறைக்கும். ஆதலின் அதனை வேண்டுமிடத்திலேயே அளித்தல் முறை. மோட்டாரின் அருகே பொருத்தும் கெப்பாசிட்டர் என்னும் மின்தேக்கி செய்வது இதுவே.

இனி, நம் அண்டையிலுள்ள கயத்தாற்றுக் காற்றாலைகளை நோக்குவோம். 1986-இல் தூத்துக்குடியை அடுத்த முள்ளக்காட்டில் காற்றாலைகள் நிறுவப்பெற்றன. பின்னர் நம் பக்கத்திலும் பரவின. பழைய வகை ஆலைகள் மின்சாரத்தைக் கொடுக்கும்போதே எதிர்வினைத் திறனைக் கம்பியினின்று வாங்குவன. ஆதலின் அவற்றிற்கும் மின்தேக்கி வேண்டும். வாங்கும் திறனுக்குக் கட்டணமும் உண்டு. புதிய வகை ஆலைகள் இதனைத் தாமே சீர்செய்ய வல்லன.

அழுத்தம் மிகுதலும் கேடே. இரவில் சுமை குறையுங்கால் 400 கிலோவோல்ட் நெடுங்கம்பிகள் தாமே எதிர்வினைத் திறனை ஈன்று அழுத்தத்தை உயர்த்தும். அதனை ஏற்றுக்கொள்ளத் துணைமின் நிலையங்களில் ரியாக்டர் என்னும் பெருஞ்சுருள்கள் வைக்கப்படுகின்றன. 2025 ஏப்ரல் 28-ஆம் நாள் ஸ்பெயினும் போர்த்துகலும் ஒருங்கே இருண்டன; அழுத்தம் அடங்காது உயர்ந்து, நிலையங்கள் ஒன்றன்பின் ஒன்றாய் விலகியமையை ஆய்ந்தோர் எடுத்துக் காட்டினர்.

அன்பர்காள்! மின்தேக்கியில்லாத ஒரு மோட்டார் அண்டை வயலின் அழுத்தத்தையும் குறைக்கின்றது. கம்பியின் கடைக்கோடியில் உள்ளவனே முதலில் இழப்பவன். அவன் பெரும்பாலும் நம் உறவினனே. ஆதலின் பம்புசெட் உடையார் ஒவ்வொருவரும் தத்தம் மோட்டாருக்குரிய மின்தேக்கியை, மின்வாரியத்தார் கூறும் அளவில் பொருத்துவாராக. பழுதானதை உடனே மாற்றுவாராக. செலவு சிறிது, அதனால் கடைக்கோடி வயலும் நீர் பெறும்.