செய்முறைக் குறிப்பின் ஆயுள்

சங்கரன்கோவிலில் இருக்கும் நண்பருக்கு நீங்கள் ஒரு கடிதம் எழுதுகிறீர்கள். பழைய பழக்கத்தால் முகவரியில் 'திருநெல்வேலி மாவட்டம்' என்று குறித்துவிடுகிறீர்கள். 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமாயிற்று. சங்கரன்கோவிலும் அதனுள் அடங்கிற்று. ஆயினும் கடிதம் போய்ச் சேரும். தபால்காரர் உங்கள் கருத்தை ஊகித்துக் கொள்வார். கணினிக்கு அந்த ஊகம் கிடையாது. நாம் இடும் கட்டளையில் ஒரு பெயர் பழையதாக இருந்தால் வேலை அங்கேயே நின்றுவிடும்; அல்லது, அதைவிடக் கேடாக, வேறொரு வேலை நடந்துவிடும்.

இவ்வூர் மாணவி ஒருத்தியின் அனுபவத்தைச் சொல்லுகிறேன். அவள் அண்ணன் பள்ளியில் படித்தபோது அரசு விலையின்றி வழங்கிய மடிக்கணினி ஒன்று வீட்டில் இருந்தது. அதில் உபுண்டு லினக்ஸ் ஏற்றியிருந்தார்கள். இயந்திரம் தளர்ந்து போனதால், எளிய திரைச் சூழல் ஒன்றை நிறுவ அவள் விரும்பினாள். திரைச் சூழல் என்பது நம் கண்ணுக்குத் தெரியும் சாளரங்கள், பட்டியல்கள், பொத்தான்கள் ஆகியவற்றின் தொகுதி. லினக்ஸில் க்னோம், கேடிஇ பிளாஸ்மா, எக்ஸ்எஃப்சிஇ என்று அது பலவகை. சட்டையை மாற்றுவதுபோல் மாற்றிக் கொள்ளலாம்.

அவளுக்கு அகப்பட்டது, உபுண்டுவின் எடை குறைந்த வடிவமாகிய லுபுண்டுவைப் பற்றிய ஒரு தமிழ்க் குறிப்பு. கட்டளையை எழுத்துப் பிசகாமல் இட்டாள், கணினியும் ஏற்றுக்கொண்டது. ஆனால் வந்து நின்ற திரை குறிப்பில் கண்ட திரை அன்று. லுபுண்டு 2018 அக்டோபர் வெளியீட்டில் எல்எக்ஸ்டிஇ என்னும் சூழலைக் கைவிட்டு எல்எக்ஸ்கியூடி என்பதற்கு மாறிவிட்டது. தொகுப்பின் பெயர் அப்படியே இருக்க, உள்ளிருக்கும் பொருள் மாறிற்று. குறிப்பின் பிற்பாதி, இல்லாத கோப்புகளைத் திருத்தச் சொல்லிற்று. நுழைவுத் திரையை எந்த நிரல் காட்ட வேண்டும் என்று நடுவே கணினி கேட்ட கேள்வியைப் பற்றியோ அதில் ஒரு சொல்லும் இல்லை. இரண்டு நாள் அவள் தன்னையே நொந்துகொண்டாள். பிழை அவளுடையது அன்று.

ஆங்கில மூலம் திருத்தம் பெறும். தமிழாக்கம் நின்ற இடத்திலேயே நிற்கும். மென்பொருளின் பட்டியல்களை மொழிபெயர்ப்போருக்கு இதற்கொரு காவல் உண்டு. கெட்டெக்ஸ்ட் என்னும் கருவி, மூலவாக்கியம் மாறியிருக்கக் கண்டால் தமிழ் வாக்கியத்தின்மேல் ஐயக்குறி இட்டுவிடும். ஒருவர் பார்த்துச் சரிசெய்யும்வரை பெரும்பாலும் ஆங்கிலமே திரையில் தோன்றும். தனிப் பக்கமாக எழுதிவைத்த குறிப்புக்கு அக்காவல் இல்லை.

ஆதலால் குறிப்பு எழுதுவோர், எந்த வெளியீட்டில், எந்த மாதத்தில் செய்து பார்த்தது என்பதைத் தலைப்பிலேயே எழுதவேண்டும். தேதியில்லாத குறிப்பை நான் நம்புவதில்லை. உபுண்டுவின் இடைக்கால வெளியீடுகளுக்கு ஆதரவு 9 மாதந்தான். நிறுவியதை நீக்கும் முறையும் உடன் இருக்கட்டும். வழி தவறியவர் திரும்பி வரவேண்டாமா?

சரிபார்ப்பதற்குப் பெரும் புலமை வேண்டியதில்லை. மெய்நிகர்க் கணினி ஒன்றில் வரி வரியாகச் செய்து பார்த்தால் போதும். தடுக்குகிற இடமே திருத்த வேண்டிய இடம். அம்மாணவியும் அதைத்தான் செய்தாள். தடுக்கிய இடங்களை எழுதி, பக்கத்தைப் பேணுவோருக்கு அனுப்பினாள். நான்கு வரிகள் நீங்கின; இரண்டு சேர்ந்தன; தலைப்பில் தேதி ஏறிற்று. ஏப்ரலில் அடுத்த வெளியீடு வரும்போது மீண்டும் செய்து பார்ப்பதாக அவர்களுக்கு எழுதியிருக்கிறாள்.