பரிசில்லாத பிள்ளைக்கும் ஒரு பரிசு

(பள்ளிப் பரிசளிப்பு விழாவில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் ஆற்றிய உரை)

 

மேடையேறிக் கிண்ணம் வாங்கிய பிள்ளைகளைப் பார்த்தோம், மனமாரக் கைதட்டினோம். ஆனால், கீழே உட்கார்ந்து கைதட்டிய பிள்ளைகள்தாம் எண்ணிக்கையில் அதிகம். அவர்களும் இன்று வெறுங்கையோடு வீடு திரும்பக்கூடாது என்பது என் ஆசை. அவர்களுக்குரிய பரிசைத் தலைமையாசிரியரால் தர முடியாது. நீங்கள்தாம் தர முடியும். அது என்ன பரிசு? ஒரு ஞாயிற்றுக்கிழமை!

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். பிள்ளை 7 வயதில் முதலாம் ஆண்டில் சேருகிறது. 12 வயதில் ஆறாம் ஆண்டை முடிக்கிறது. ஆண்டுக்கு 52 ஞாயிறு என்றால், ஆறு ஆண்டுக்கு 312. அவ்வளவுதான்! அதில் கல்யாணம், கருமாதி, ஓவர்டைம், காய்ச்சல் எல்லாம் கழித்தால் மிச்சம் எத்தனை? பிறகு இடைநிலைப்பள்ளி, கூட்டாளிகள் வந்துவிடுவார்கள். "வாய்யா, ஒரு சுத்து போயிட்டு வரலாம்" என்று நாம் கூப்பிட்டால், "நீங்க போங்கம்மா, நான் வீட்டுல இருக்கேன்" என்று பதில் வரும். அது குற்றமில்லை, வளர்ச்சி. ஆனால், நம் கையைப் பிடித்துக்கொண்டு வர ஆசைப்படும் வயது நமக்காகக் காத்திருக்காது.

"டீச்சர், எங்களுக்கு நேரம் ஏது, காசு ஏது?" என்று நீங்கள் கேட்பது என் காதில் விழுகிறது. நியாயமான கேள்விதான். அப்பாவுக்கு ஷிப்டு வேலை. அம்மா விடியற்காலையிலேயே தொழிற்சாலை பஸ்ஸுக்கு ஓடுகிறார். போதாக்குறைக்கு டியூஷன். யு.பி.எஸ்.ஆர். சோதனையை 2021-இல் எடுத்துவிட்டார்கள்; ஆனாலும் நம்மில் பலருக்கு அந்தப் பதற்றம் போகவில்லை. லங்காவிக்குப் போங்கள், கெந்திங் மலைக்குப் போங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. நம் தைப்பிங்கிலேயே இருக்கிறது.

நம் ஏரிப் பூங்காவையே எடுத்துக்கொள்ளுங்கள். 1880-இல் உருவான பூங்கா அது. அதற்கு முன்னர் அந்த இடம் ஈய லம்பம். ஈயம் தோண்டி எடுத்த பள்ளங்கள்தாம் இன்றைக்கு ஏரிகளாக நிற்கின்றன. "இந்தத் தண்ணிக்கு அடியில முன்னே என்ன இருந்துச்சு தெரியுமா?" என்று பிள்ளையிடம் கேட்டுப் பாருங்கள். அதற்குப் பிறகு கேள்வி கேட்பது பிள்ளையின் முறை. பதில் சொல்லி உங்களுக்கு மாளாது!

கரையிலிருந்து சாலையைத் தாண்டி, தண்ணீரைத் தொடுவதுபோலத் தாழ்ந்து நிற்கின்றனவே, அவை தூங்குமூஞ்சி மரங்கள். மாலையில் இலையை மூடிக்கொள்ளும் மரம். மலாய்க்காரர்கள் இதை 'பூக்கூல் லீமா' என்பார்கள். ஐந்து மணி மரம் என்று பொருள். சரி, உண்மையிலேயே ஐந்து மணிக்குத்தான் மூடுகிறதா? ஒரு கடிகாரத்தைக் கொடுத்துப் பிள்ளையையே காவல் வையுங்கள். வீட்டில் தாத்தா இருந்தால் அவரையும் அழைத்துப் போங்கள். 1982 சனவரி 1-இல் தீபகற்ப மலேசியாவின் கடிகாரங்களை அரை மணி நேரம் முன்னால் தள்ளி வைத்தோமே, அந்தக் கதையை அவர் சொல்லட்டும். அன்றைய ஐந்து மணி, இன்றைக்கு ஐந்தரை! கடிகாரம் மாறியது மரத்துக்குத் தெரியுமா? இந்த ஒரு கேள்விக்காகவே ஒரு மாலை முழுவதும் உட்காரலாம். செலவு, ஆளுக்கு ஒரு பொட்டலம் நாசி லெமாக்.

மழை வருமே என்கிறீர்களா? தைப்பிங் மழைக்குப் பேர்போன ஊர், வரத்தான் செய்யும். ஒரு துண்டை எடுத்துக்கொண்டு போங்கள். இடி இடித்தால் மட்டும் மரத்தடியில் நிற்க வேண்டாம்.

இன்னொரு ஞாயிறு, கோலா செபத்தாங்குக்குப் போய் வாருங்கள். அதன் பழைய பெயர் போர்ட் வெல்ட். இந்த நாட்டின் முதல் இரயில் பாதை, 1885 சூன் 1-இல் தைப்பிங்குக்கும் அந்த ஊருக்கும் இடையில்தான் திறக்கப்பட்டது. ஏறக்குறைய 13 கிலோமீட்டர். இப்போது அங்கே இரயிலும் இல்லை, தண்டவாளமும் இல்லை. ஆனால் அந்தப் பழைய நிலையத்தின் பெயர்ப்பலகை நிற்கிறது. ரோமன், ஜாவி, சீனம், தமிழ் என்று நான்கு எழுத்துகளில்! பிள்ளையை அதன் முன்னே நிறுத்தி வாசிக்கச் சொல்லுங்கள். தமிழ் பாடப்புத்தகத்துக்குள் மட்டும் இருக்கிற மொழியில்லை, இந்த நாட்டின் முதல் இரயிலுக்கே பெயர் எழுதிய மொழி என்று நான் வகுப்பில் நூறு முறை சொல்லலாம். அந்தப் பலகை ஒரே முறையில் சொல்லிவிடும்.

முப்பது ஆண்டு கட்டுரை நோட்டுத் திருத்தியவள் நான். 'உல்லாசப் பயணம்' என்று தலைப்புக் கொடுத்தால், எல்லா நோட்டிலும் சூரியன் கிழக்கே உதிக்கும், பறவைகள் கீச்சிடும், பேருந்து புறப்படும். மனனம் செய்த கட்டுரை! ஒரே ஒரு பையன் வேறு மாதிரி எழுதியிருந்தான். அப்பாவோடு மீன் பிடிக்கப் போனானாம். ஒரு மீனும் மாட்டவில்லை. திரும்பும் வழியில் மோட்டார் சைக்கிள் பஞ்சர். இரண்டு பேரும் தள்ளிக்கொண்டே வீடு வந்தார்களாம். கடைசி வரி இது: "அன்றுதான் அப்பா என்னோடு நிறைய நேரம் பேசினார்." எழுத்துப்பிழை ஏழெட்டு இருந்தது. ஆனாலும் அந்த வரியில் சிவப்பு மை வைக்க எனக்கு மனம் வரவில்லை.

பெற்றோர்களே, நீங்கள் கொண்டு போக வேண்டியது பணமல்ல. கைத்தொலைபேசியைப் பைக்குள் போடுங்கள். பிள்ளைக்கு ஒரு பொறுப்புக் கொடுங்கள். தண்ணீர்ப் போத்தலைத் தூக்கட்டும், வழி சொல்லட்டும். ஞாயிறும் வேலையா? பசார் மாலாமுக்குக் கூட்டிப்போய் மூன்று வெள்ளியைக் கையில் கொடுங்கள். என்ன வாங்குவது, மீதி எவ்வளவு என்று அதுவே கணக்குப் பார்க்கட்டும். கைக்குழந்தை அழுதால் பாதியிலேயே திரும்பி வாருங்கள். பாதிப் பயணமும் பயணம்தான். இரவில் பாட்டியிடம் அன்றைய கதையைப் பிள்ளையே தமிழில் சொல்லட்டும். அதுதான் உண்மையான வாய்மொழிப் பயிற்சி.

இதெல்லாம் பிள்ளைக்காக மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். வாரம் முழுவதும் வேலை, கடன், சமையல் என்று ஓடுகிற நமக்கும், ஓர் இலை எப்போது மூடும் என்று காத்துக்கொண்டு உட்காருவது எவ்வளவு பெரிய சுகம்! பிள்ளை இல்லாவிட்டால் நாம் அங்கே போய் உட்காருவோமா?

ஆகவே, இன்று வீட்டுக்குப் போனதும், கிண்ணம் வாங்கிய பிள்ளையானாலும் வாங்காத பிள்ளையானாலும், பக்கத்தில் உட்காரவைத்து ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "வர்ற ஞாயித்துக்கிழமை எங்கே போகலாம், சொல்லு?" பிள்ளை சொல்லும் இடத்துக்கே கூட்டிப் போங்கள்.

 வளர்க தமிழ்ப்பள்ளி!