ரெக்கார்டரும் இசை ஆசிரியரும்
(இசை ஆசிரியர் பயிற்சி பெறுவோருக்கான பயிலரங்கில் ஆற்றிய உரை)



நான் அறிவியல் ஆசிரியர். எங்கள் பள்ளியில் இசை ஆசிரியர் இல்லாததால் ரெக்கார்டர் ஊதக் கற்றுக்கொண்டு, பிள்ளைகளுக்கும் சொல்லித் தருகிறேன். இசையை முறையாகப் பயின்றவர்கள் நீங்கள்.

காலையில் இந்தக் கருவியைப் பற்றிச் சொன்னதும் ஒருவர், "டேப் ரெக்கார்டரா, சார்?" என்றார். சிரித்தோம். கையில் வாங்கியதும் பலர் முகம் சுருங்கியதையும் கவனித்தேன். "திருவிழாக் கடை ஊதல் மாதிரி இருக்கே" என்றது ஒரு குரல். வாய்ப்பாட்டும் வீணையும் கற்றவர்களுக்கு அப்படித் தோன்றுவது இயல்புதான். ஆனால் பாக், விவால்டி, டெலிமன் எல்லாரும் இதற்கு இசை எழுதியிருக்கிறார்கள். வழக்கொழிந்து கிடந்ததை 1919-இல் இங்கிலாந்தில் அர்னால்டு டால்மெட்ச் மறுபடி செய்தார். பிளாஸ்டிக்கில் வந்த பிறகு மலிவானது, மதிப்பும் குறைந்தது.

கமகம் புல்லாங்குழல் அளவுக்கு இதில் வராது என்கிறீர்கள். உண்மை. ஆனால் புல்லாங்குழலில் நாதம் வரவே உதட்டைப் பல நாள் பழக்க வேண்டும். இதில் முதல் நாளே ஒலி வந்துவிடும். எட்டாம் வகுப்பில் குரல் உடையும் பையன்களைப் பாடச் சொல்லிப் பாருங்கள், வாய் திறக்க மாட்டார்கள். குழலைக் கொடுத்தால் ஊதுவார்கள். அவர்களுக்காகத்தான் இவ்வளவும் சொல்கிறேன்.

ஒரு பள்ளியில் வாங்கிய குழல்கள் உறை பிரிக்காமல் பீரோவில் கிடந்ததைப் பார்த்திருக்கிறேன். ஆசிரியருக்கு ஊதத் தெரியாது. அதைச் சொல்லவும் மனமில்லை. சான்றிதழுக்காக மட்டும் கற்றால் அப்படித்தான் ஆகும். பலமாக ஊதினால் கீச்சிடும். மெதுவாக ஊது என்று சொன்னால் பிள்ளைக்குப் புரியாது, ஊதிக் காட்ட வேண்டும்.

சரி, குழலை எடுங்கள். இடக்கைக் கட்டைவிரலால் பின்துளையையும், மூன்று விரல்களால் முன்புறம் மேலுள்ள மூன்று துளைகளையும் மூடுங்கள். அதை ஷட்ஜமமாகக் கொள்வோம். மோதிர விரலை எடுத்தால் சதுஸ்ருதி ரிஷபம். நடுவிரலையும் எடுத்தால் அந்தர காந்தாரம். நடுவிரலை மட்டும் வைத்து, கட்டைவிரலையும் எடுத்துவிட்டால் பஞ்சமம். தைவதத்துக்குத்தான் வலக்கை வேண்டும். அது வந்தால் மோகனம் வந்துவிடும். மாயாமாளவகௌளையில் தொடங்கும் வழக்கத்தை இங்கே தள்ளிவையுங்கள். சுத்த ரிஷபத்துக்கு விரலமைப்பு சிக்கலானது.

இப்போது 'து' என்று நாவால் தொடங்கி, மெதுவாக, பக்கத்தில் இருப்பவர் ஒலியைக் கேட்டுக்கொண்டே ஊதுங்கள். முதலில் ஷட்ஜமம் மட்டும்.