ஒரு பெட்டிக்குள் பல குடித்தனம்

வங்கியில் பணம் எடுப்பவரின் கண்ணிலும் ரயிலுக்கு முன்பதிவு செய்பவரின் கண்ணிலும் படாமல் அவர்களுக்காக இரவு பகலாக உழைக்கும் கணினிகளுக்குச் சர்வர் என்று பெயர். ஆளுயர இரும்பு அலமாரிகளில் இவை வரிசையாக அடுக்கப்பட்டு, இடைவிடாத மின்சாரமும் குளிர்காற்றும் தரப்பட்டு இயங்கும் கூடமே தரவு மையம் எனப்படுகிறது. 2000ஆம் ஆண்டையொட்டிய காலத்தில் பெரும்பாலான நிறுவனங்களின் தரவு மையங்களில் ஒரு பணிக்கு ஒரு சர்வர் என்பது எழுதப்படாத விதியாக இருந்தது. சம்பளப் பட்டியலுக்கு ஒன்று, மின்னஞ்சலுக்கு ஒன்று, கிடங்குக் கணக்குக்கு ஒன்று எனத் தனித்தனியே வாங்கியது ஆடம்பரத்துக்காக அன்று. கணினியின் உறுப்புகளையெல்லாம் ஆளும் அடிப்படை மென்பொருளான இயங்குதளம் ஒன்றின்மேல் இரண்டு பயன்பாடுகளை ஏற்றினால், ஒன்றுக்கு வேண்டிய கோப்பு மற்றொன்றுக்கு ஒவ்வாமல் போவதும், ஒன்று முடங்கும்போது மற்றொன்றையும் சேர்த்து முடக்குவதும் அன்றாட நிகழ்ச்சிகளாக இருந்தன. அதனால் நூறு பங்கு வேலை செய்யவல்ல இயந்திரம் பத்துப் பங்கு வேலையைச் செய்துவிட்டு, மிச்ச நேரமெல்லாம் மின்சாரத்தைத் தின்றுகொண்டு சும்மா நின்றது.

இந்த வீணடிப்புக்குக் கிடைத்த விடையே மெய்நிகராக்கம். ஹைப்பர்வைசர் என்னும் மென்பொருள் அடுக்கு இரும்புப் பெட்டியின்மேல் நேரடியாக அமர்ந்து, அதன் செயலியையும் நினைவகத்தையும் வட்டையும் பங்கிட்டு, ஒவ்வொரு பங்கையும் ஒரு முழுக் கணினியைப்போலத் தோன்றச் செய்கிறது. அவ்வாறு தோன்றும் கணினிக்கு மெய்நிகர் கணினி என்று பெயர். அதனுள் இயங்கும் இயங்குதளம் தனக்கென ஒரு தனிப் பெட்டி இருப்பதாகவே எண்ணிக்கொள்கிறது. பழைய நகரங்களின் ஒண்டுக்குடித்தன வீட்டோடு இதை ஒப்பிடலாம். ஒவ்வொரு குடித்தனத்துக்கும் தனிக் கதவும் தனிப் பூட்டும் உண்டு. கிணறும் முற்றமும் கூரையும் மட்டும் பொது. ஹைப்பர்வைசரே அங்கே வீட்டுக்காரர்.

இந்தக் கருத்து புதியதன்று. ஐபிஎம் நிறுவனம் 1960களிலேயே தன் பெருங்கணினிகளில் இதைச் செய்து பார்த்து, 1972இல் விஎம்/370 என்னும் பெயரில் வாடிக்கையாளர்களுக்கு வழங்கியது. ஒரு கணினியை இவ்வாறு பங்கிட அதன் கட்டளைத் தொகுதிக்கு என்னென்ன இலக்கணம் வேண்டும் என்பதை ஜெரால்ட் போபெக், ராபர்ட் கோல்ட்பர்க் ஆகிய இருவரும் 1974இல் வரையறுத்தனர். மலிவாகக் கிடைத்து உலகெங்கும் பரவிய இன்டெல் வகைச் செயலிகளோ அந்த இலக்கணத்துக்குள் அடங்கவில்லை. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆராய்ச்சியின் தொடர்ச்சியாக, மெண்டல் ரோசன்பிளம், டயான் கிரீன் உள்ளிட்ட ஐவர் 1998இல் கலிபோர்னியாவில் தொடங்கிய விஎம்வேர் நிறுவனம், சிக்கலான கட்டளைகளை ஓடும்போதே மாற்றி எழுதும் உத்தியால் அந்தத் தடையைத் தாண்டி, 2001இல் சர்வர்களுக்கான இஎஸ்எக்ஸ் மென்பொருளை வெளியிட்டது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்திலிருந்து ஜென் 2003இலும், லினக்ஸ் இயங்குதளத்தின் உட்கருவிலேயே இடம்பெற்ற கேவிஎம் 2007இலும், மைக்ரோசாஃப்டின் ஹைப்பர்-வி 2008இலும் பிற ஹைப்பர்வைசர்களாக வந்து சேர்ந்தன. இடையே 2005, 2006ஆம் ஆண்டுகளில் இன்டெல், ஏஎம்டி நிறுவனங்கள் செயலியிலேயே மெய்நிகராக்கத்துக்கு வழிசெய்து கொடுத்தன.

தரவு மைய நிர்வாகிகளை முதலில் வியப்பில் ஆழ்த்தியது, ஓடிக்கொண்டிருக்கும் கணினியை நிறுத்தாமலே இடம்மாற்றும் வசதியாகும். விஎம்வேர் 2003இல் விமோஷன் என்ற பெயரில் கொண்டுவந்த இந்த வசதி, ஒரு மெய்நிகர் கணினியின் நினைவகப் பக்கங்களை அது வேலை செய்துகொண்டிருக்கும்போதே வேறொரு பெட்டிக்கு நகலெடுக்கத் தொடங்குகிறது. நகலெடுக்கும் நேரத்துக்குள் மாறிவிட்ட பக்கங்களை மறுபடியும் நகலெடுத்து, எஞ்சியவை மிகச் சிலவே என்ற நிலை வந்ததும் கணினியை ஒரு நொடிக்கும் குறைவான நேரம் நிறுத்தி, அவற்றையும் அனுப்பிவிட்டுப் புதிய இடத்தில் தொடரச் செய்கிறது. அதுவரை ஒரு நினைவகச் சில்லை மாற்றுவதற்காக ஞாயிற்றுக்கிழமை நள்ளிரவில் எல்லாச் சேவைகளையும் நிறுத்திவைத்துக் கண்விழித்தவர்கள், குடித்தனங்களைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டு, பட்டப்பகலில் பெட்டியைத் திறந்து வேலையை முடிக்கத் தொடங்கினர். இந்த ஒரு வசதிக்காகவே மெய்நிகராக்கத்துக்கு மாறிய நிறுவனங்கள் பல.

இரும்பைக் கண்ணிலிருந்து மறைப்பதே இந்தத் தொழில்நுட்பத்தின் ஆற்றல். பயனர்கள் பட்ட இடர்களுக்கும் பெரும்பாலும் அதுவே காரணம். மறைந்திருப்பதை இல்லாததாகக் கருதிய இடங்களிலெல்லாம் சிக்கல் முளைத்தது.

நினைவகத்தின் கதை இதற்கு நல்ல சான்று. எல்லாக் குடித்தனங்களும் ஒரே நேரத்தில் கிணற்றடிக்கு வருவதில்லை என்ற நம்பிக்கையில், பெட்டியில் உள்ளதைவிடக் கூடுதலான நினைவகத்தை மெய்நிகர் கணினிகளுக்கு வாக்களிப்பது வழக்கம். வாக்களித்த அளவை எல்லோரும் ஒருசேரக் கேட்டுவிட்டால் ஹைப்பர்வைசர் ஒரு தந்திரத்தைக் கையாள்கிறது. ஒவ்வொரு மெய்நிகர் கணினிக்குள்ளும் பலூன் என்றழைக்கப்படும் ஒரு சிறு நிரலை முன்கூட்டியே அமர்த்தியிருக்கும். நெருக்கடி வந்ததும் அந்த நிரல் தன் இயங்குதளத்திடம் நினைவகம் கேட்டு ஊதிப் பெருக்கிறது. தனக்கு அதிகம் பயன்படாத பக்கங்கள் எவை என்பது அந்த இயங்குதளத்துக்கே தெரியுமாதலால் அவற்றை விட்டுக்கொடுக்கிறது. பலூன் பிடித்துவைத்த இடத்தை ஹைப்பர்வைசர் எடுத்துத் தேவைப்படும் வேறொரு கணினிக்குத் தருகிறது. பலூனைத் தங்கள் நினைவகத்தைத் திருடும் நிரல் என்று தவறாக எண்ணி நீக்கிவிட்டவர்கள் அதைவிடப் பெரிய தொல்லையைச் சந்தித்தனர். பலூன் இல்லாதபோது ஹைப்பர்வைசர் கண்ணைக் கட்டிக்கொண்டு ஏதோ ஒரு பக்கத்தை எடுத்து வட்டில் எழுதிவிடுகிறது, அது அடுத்த நொடியே வேண்டியிருந்த பக்கமாகவும் அமைந்துவிடக்கூடும். நினைவகத்தைவிடப் பன்மடங்கு மெதுவான வட்டிலிருந்து அதைத் திரும்பப் பெறும்வரை பயனர்கள் காத்திருக்க நேர்கிறது.

செயலிகளைப் பொறுத்தவரை அனுபவம் இன்னும் விந்தையானது. இரண்டு செயலிகளே போதுமான கணக்குப் பிரிவு, பின்னால் உதவும் என்று எட்டுக் கேட்டு வாங்குகிறது. தாளில் எழுதுவதற்குச் செலவில்லை என்பதால் நிர்வாகியும் தந்துவிடுகிறார். ஆனால் விஎம்வேரின் தொடக்ககாலப் பதிப்புகளில், பல மெய்நிகர் செயலிகளைக் கொண்ட கணினி ஓட வேண்டுமானால் அத்தனை உண்மையான செயலிக் கருக்களும் ஒரே நேரத்தில் காலியாக வேண்டும். எட்டுப் பேர் கொண்ட குடும்பம் ஒன்றாக உட்கார இடம் கேட்டுப் பந்தியில் காத்து நிற்க, தனியாக வந்தவர்கள் கிடைத்த இடத்தில் உட்கார்ந்து உண்டு எழுந்துபோவதைப் போன்றது அந்த நிலை. பிற்காலப் பதிப்புகள் இந்த விதியைத் தளர்த்தியபோதிலும், ஓடத் தயாராக இருந்தும் செயலி கிடைக்காமல் காத்திருக்கும் நேரத்தைக் காட்டும் அளவீட்டை இன்றும் அனுபவமுள்ள நிர்வாகிகள் முதலில் பார்க்கின்றனர். கணினி மெதுவாக ஓடுகிறது என்று முறையிட்ட பிரிவிடமிருந்து செயலிகளைப் பிடுங்கிக்கொண்ட பிறகு அதே கணினி வேகமாக ஓடியது என்பது இத்தொழிலில் திரும்பத் திரும்பக் கேட்கும் அனுபவமாகும்.

ஸ்னாப்ஷாட் என்னும் வசதியும் இவ்வாறே வரமாக வந்து வினையாக மாறக்கூடியது. ஒரு மென்பொருளைப் புதுப்பிக்கும் முன் மெய்நிகர் கணினியின் அப்போதைய நிலையை உறையவைத்து, தவறு நேர்ந்தால் அதற்கே திரும்பிச் செல்ல இது வழிசெய்கிறது. ஸ்னாப்ஷாட் எடுத்த கணம் முதல் பழைய வட்டுக் கோப்பு தொடப்படாமல் நிற்க, புதிய மாற்றங்கள் அனைத்தும் வேறொரு கோப்பில் சேர்கின்றன என்பதையும், அந்தக் கோப்பு நாளுக்கு நாள் வளரும் என்பதையும் பலர் மறந்துவிடுகின்றனர். ஒரு ஸ்னாப்ஷாட்டை 72 மணி நேரத்துக்குமேல் வைத்திருக்க வேண்டாம் என்பது விஎம்வேரின் அறிவுரை. மாதக்கணக்கில் மறக்கப்பட்ட ஸ்னாப்ஷாட் பொதுச் சேமிப்பகம் முழுவதையும் நிரப்பி, அதே இடத்தைப் பகிர்ந்துகொண்ட குற்றமற்ற கணினிகளையும் ஒரே இரவில் நிறுத்தியிருக்கிறது. மூலக் கோப்பு கெட்டுப்போனால் ஸ்னாப்ஷாட்டும் பயனற்றுப்போகும் என்பதால், அதைக் காப்புநகலாகக் கொள்ளக் கூடாது என்ற பாடத்தைத் தரவை இழந்த பிறகே கற்றவர்களும் உண்டு.

புதிய கணினி ஒன்றை உருவாக்கச் சில நிமிடங்களே போதும் என்றான பிறகு, தேவை முடிந்தும் நீக்கப்படாத கணினிகள் பெருகின. எதற்காக உருவாக்கப்பட்டது என்று எவருக்கும் தெரியாத, நிறுத்திப் பார்க்கவும் எவரும் துணியாத குடித்தனங்கள் ஒவ்வொரு தரவு மையத்திலும் உண்டு. இதைவிட ஆழமான சிக்கல் முழு மின்தடையின்போது வெளிப்படுகிறது. பெயரைக் கொண்டு கணினியின் முகவரியைக் கண்டறிந்து தரும் சர்வர், பயனர்களின் கடவுச்சொல்லைச் சரிபார்க்கும் சர்வர், ஹைப்பர்வைசர்களையே மேலாண்மை செய்யும் சர்வர் ஆகிய மூன்றும் மெய்நிகர் கணினிகளாக அதே பெட்டிகளுக்குள் இருந்தால், மின்சாரம் திரும்பிய பிறகு ஒன்றைத் தொடங்க மற்றொன்று வேண்டும் என்ற வட்டத்தில் எல்லாமே சிக்கிக்கொள்கின்றன. வீட்டின் சாவி பூட்டிய வீட்டுக்குள்ளேயே இருக்கும் நிலை அது.

பல குடித்தனங்களுக்கு ஒரே கூரை என்பதால் கூரையில் விழும் ஓட்டை எல்லோரையும் நனைக்கிறது. 2008ஆம் ஆண்டு ஆகஸ்டு 12ஆம் தேதி காலையில், விஎம்வேரின் அண்மைப் பதிப்பை நிறுவியிருந்த நிறுவனங்களில் நிறுத்தப்பட்ட மெய்நிகர் கணினிகள் மறுபடி தொடங்க மறுத்தன. இடம்மாற்றும் வசதியும் செயலிழந்தது. வெளியீட்டுக்கு முந்தைய சோதனைப் பதிப்பு குறிப்பிட்ட நாளில் காலாவதியாக வேண்டும் என்று எழுதப்பட்டிருந்த நிரல் வரிகள் நீக்கப்படாமல் வெளியான பதிப்பிலும் தங்கிவிட்டதே காரணம். திருத்தம் வரும்வரை பல நிர்வாகிகள் சர்வர்களின் கடிகாரத்தைப் பின்னுக்குத் தள்ளிவைத்துச் சமாளித்தனர். அப்போதைய தலைமைச் செயல் அலுவலர் பால் மாரிட்ஸ் வெளிப்படையாக வருத்தம் தெரிவித்தார். 2023 பிப்ரவரியில் பணம் பறிக்கும் நோக்குடைய தீநிரல் ஒன்று உலகெங்கும் ஆயிரக்கணக்கான ஹைப்பர்வைசர்களைத் தாக்கி, மெய்நிகர் கணினிகளின் கோப்புகளைக் குறியாக்கம் செய்து பூட்டியது. அந்தத் தாக்குதலுக்கு வழிவிட்டதாகக் கருதப்பட்ட ஓட்டையை அடைக்கும் திருத்தம் அதற்கு ஈராண்டுகளுக்கு முன்பே வெளியாகியிருந்தது. உள்ளிருக்கும் கணினிகளை ஒழுங்காகப் புதுப்பித்தவர்களும், அவற்றைத் தாங்கிய அடுக்கைப் புதுப்பிக்கத் தவறியிருந்தனர்.

இரும்பின் மீதான சார்பிலிருந்து விடுதலை தந்த அடுக்கு, காலப்போக்கில் தானே ஒரு சார்பாக மாறியது. 2011இல் விஎம்வேர், செயலிகளின் எண்ணிக்கையோடு மெய்நிகர் கணினிகளுக்கு ஒதுக்கும் நினைவகத்தையும் கணக்கிட்டு உரிமக் கட்டணம் பெறும் முறையை அறிவித்தது. நினைவகம் மிகுந்த பெட்டிகளில் கணினிகளைச் செறிவாக நிரப்பியவர்களுக்கு, அதாவது இந்தத் தொழில்நுட்பத்தைச் சரியாகப் பயன்படுத்தியவர்களுக்கே, கட்டணம் கூடியதால் எழுந்த கடும் எதிர்ப்பின் விளைவாக வரம்புகள் சில வாரங்களில் உயர்த்தப்பட்டன; 2012இல் அந்த முறையே கைவிடப்பட்டது. 2023 நவம்பரில் பிராட்காம் நிறுவனம் விஎம்வேரை வாங்கி, ஒருமுறை பணம் செலுத்தி நிரந்தரமாக வைத்துக்கொள்ளும் உரிமங்களின் விற்பனையை நிறுத்தி, சந்தா முறைக்கு மாறியது. ஆதரவுச் சேவையை நீட்டிப்பது தொடர்பாக அமெரிக்கத் தொலைத்தொடர்பு நிறுவனமான ஏடி&டி 2024இல் வழக்குத் தொடுத்து, பின்னர் அவ்வாண்டே சமரசம் செய்துகொண்டது. ஏறத்தாழ 8,600 சர்வர்களில் 75,000 மெய்நிகர் கணினிகளைத் தான் இயக்குவதாக அந்த வழக்கில் அது குறிப்பிட்டிருந்தது. ஒரு பெட்டியில் ஒன்பது குடித்தனம் என்ற அளவில் வாழும் நிறுவனம் வீடு மாறுவது எளிதன்று. கேவிஎம் அடிப்படையிலான பிராக்ஸ்மாக்ஸ் போன்ற மாற்றுகள் இருந்தபோதிலும், வட்டுக் கோப்புகளின் வடிவத்தை மாற்றுவதும், காப்புநகல் கருவிகளைப் புதிதாக அமைப்பதும், ஒரே கருவியில் பல ஆண்டுகள் பழகிய ஊழியர்களுக்கு மறுபயிற்சி தருவதும் உரிமக் கட்டணத்தோடு சேர்த்து எண்ண வேண்டிய செலவுகளாகும்.

இத்தனைக்குப் பிறகும் ஒரு பணிக்கு ஒரு பெட்டி என்ற பழைய வழிக்குத் திரும்ப விரும்புவோர் அரியர். கிடைத்த நன்மை அவ்வளவு பெரிது. பட்டறிந்த நிர்வாகிகள் மறைந்திருக்கும் இரும்பை மறக்காமல் இருப்பதற்கான சில பழக்கங்களை ஏற்படுத்திக்கொள்கின்றனர். பெயர்களைக் கண்டறியும் சர்வர்களில் ஒன்றையேனும் ஹைப்பர்வைசருக்கு வெளியே தனிப் பெட்டியில் வைக்கின்றனர். ஸ்னாப்ஷாட்டுகளை வாரந்தோறும் எண்ணிப் பார்க்கின்றனர். காப்புநகல் எடுப்பதோடு நில்லாமல் அதிலிருந்து ஒரு கணினியை மீட்டுப் பார்த்தும் உறுதிசெய்கின்றனர். முழு மின்தடைக்குப் பிறகு எந்தப் பெட்டியை முதலில் தொடங்க வேண்டும், எந்த மெய்நிகர் கணினி எதில் இருக்கிறது என்ற வரிசையைத் தாளில் அச்சிட்டு அலமாரிக் கதவின் உட்புறத்தில் ஒட்டிவைக்கின்றனர். எல்லாத் திரைகளும் இருண்டுவிட்ட நேரத்தில் கைவிளக்கு வெளிச்சத்தில் படிப்பதற்கு அந்தத் தாள் ஒன்றுதான் எஞ்சியிருக்கும்.